இருபத்தெட்டில் எதை மறந்தீர்கள்?

மொனராகலையின் இறப்பர் தோட்டங்களில் பால்வெட்டு வெயில் ஏறுமுன் தொடங்கிவிடும். விடியற்காலைக் குளிரில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். அந்த வேலைக்குப் போகும் பெண் இருட்டோடு எழுந்து, ரொட்டி தட்டி, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளின் பாடசாலைச் சட்டையை எடுத்து வைத்துவிட்டுப் புறப்படுகிறாள். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதே ஓட்டம், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்காக நடக்கிறது. லயத்து வீட்டில் அவளுக்கென்று தனி அலுமாரி கிடையாது. கருத்தடைக் குளிசைப் பொதி தகரப் பெட்டிக்குள்ளோ சேலை மடிப்பிலோ, மாமியாரின் கண்ணுக்கும் குழந்தையின் கைக்கும் எட்டாத ஓரிடத்தில் இருக்கிறது. கண்ணில் படாத பொருள் மறந்துபோவதில் வியப்பில்லை.

"மிஸ்ஸி, ரெண்டு நாளு குளிச விட்டுப்போச்சு. ஒண்ணும் ஆகாதுல்ல?"

குடும்பநல மருத்துவமாதுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆகும், ஆகாது என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். அந்த இரண்டும் பொதியின் எந்த வரிசையில் விட்டுப்போனவை? கடந்த ஐந்து நாட்களில் உடலுறவு இருந்ததா? எத்தனை குளிசை என்ற எண்ணிக்கையைத்தான் பெண்கள் கவலையோடு சொல்கிறார்கள். ஆனால் ஆபத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மறந்த குளிசை பொதியில் இருந்த இடம்.

வழக்கமான கூட்டுக் குளிசைப் பொதியில் 28 குளிசைகள். முதல் 21 குளிசைகளில்தான் மருந்து இருக்கிறது. எஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் என்ற இரு பெண் ஓமோன்களைப்போலச் செயற்படும் பொருட்கள் அவற்றில் உள்ளன. பரவலாகப் பயன்படும் வகையில் எதினைல் எஸ்திரடியோல் 30 மைக்கிரோகிராமும் லெவோநோர்ஜெஸ்ட்ரல் 150 மைக்கிரோகிராமும் இருக்கும். கடைசி ஏழும் வேறு நிறத்தில் இருப்பவை. அவற்றில் கருத்தடை மருந்து எதுவும் இல்லை. பல தயாரிப்புகளில் இரும்புச்சத்து மட்டும் இருக்கும். இரத்தச்சோகை மலிந்த மலையகத்தில் அந்த இரும்புக்குத் தனிப் பயன் உண்டு. ஆனால் கருத்தரிப்பைத் தடுப்பதில் அந்த ஏழுக்கும் பங்கில்லை. ஏழையும் மறந்தாலும் ஒன்றும் ஆகாது. எறிந்துவிட்டு, குறித்த நாளில் அடுத்த பொதியைத் தொடங்கினால் போதும்.

இந்த 21க்கு 7 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பெண் உடல் அப்படிக் கேட்கவில்லை. 1950களில் அமெரிக்காவில் கிரெகரி பின்கஸ் என்ற உயிரியலாளரும் ஜோன் ரொக் என்ற மகப்பேற்று வைத்தியரும் குளிசையை உருவாக்கியபோது, மாதம் ஒருமுறை இரத்தப்போக்கு வந்தால்தான் பெண்கள் இதை இயற்கையானதாக ஏற்பார்கள் என்று நினைத்தார்கள். கத்தோலிக்கரான ரொக்குக்குத் திருச்சபையின் சம்மதத்தைப் பெற்றுவிடும் நம்பிக்கையும் இருந்தது. அது நடக்கவில்லை. 1956இல் புவேர்ட்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்புப் பெண்களிடம் பெரிய அளவிலான சோதனை தொடங்கியது. அவர்கள் சொன்ன தலைசுற்றலும் குமட்டலும் மனப்பிரமை என்று தள்ளப்பட்டன. இந்த மருந்தின் வரலாற்றில் ஆறாத வடு அது. 1960இல் அமெரிக்கா அனுமதித்த 'எனோவிட்' என்ற முதல் குளிசையில் எஸ்திரஜன் வகை மருந்து மட்டுமே 150 மைக்கிரோகிராம் இருந்தது. இரத்தம் உறையும் ஆபத்து தெரியவந்த பிறகு அளவு படிப்படியாக இறங்கியது. இறங்கியது நல்லது. ஆனால் அன்றைய குளிசை மறதியைத் தாங்கிய அளவுக்கு இன்றைய குளிசை தாங்காது. கைகாவல் குறைந்துவிட்டது, ஏழு நாள் இடைவெளி மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த இடைவெளியில் உடலுக்குள் நடப்பதுதான் இந்த அத்தியாயத்தின் மையம்.

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, சூலகத்தில் முட்டையைச் சுமக்கும் நுண்குமிழ்களை வளரச் சொல்லி ஓர் ஓமோனை அனுப்புகிறது. குளிசை போடும் நாட்களில் இரத்தத்தில் மிதக்கும் மருந்து அந்தக் கட்டளையை அடக்கி வைக்கிறது. குமிழ் வளராது, முட்டை வெளியேறாது. கருப்பை வாயின் சளியும் தடித்து விந்தணுக்களுக்கு வழி விடாது. மருந்து நின்ற சில நாட்களுக்குள் கபச்சுரப்பி விழித்துக்கொள்கிறது. ஏழாம் நாள் முடிவில் சில பெண்களின் சூலகத்தில் பத்து மில்லிமீற்றர் அளவுக் குமிழ்கள் இருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. இருபது மில்லிமீற்றரை நெருங்கும்போது குமிழ் வெடித்து முட்டை வெளியேறும். அதாவது பொதி சொன்னபடி நடந்துகொண்ட பெண்ணுக்கும் எட்டாம் நாள் காலையில் குமிழ் பாதி வழியில் இருக்கலாம். புதிய பொதியின் முதல் குளிசை அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. தொடர்ந்து ஏழு நாள் மருந்து உள்ளே போனால் சூலகம் மறுபடி முழுதாக அடங்கிவிடும்.

எனவே 28இல் மறக்கவே கூடாதது புதிய பொதியின் முதல் குளிசை. அதையும் இரண்டாவதையும் மறந்தால் ஏழு நாள் இடைவெளி ஒன்பது நாளாகிறது. பொதி முடிந்து அடுத்ததை வாங்க முடியாமல் நாலைந்து நாள் தள்ளிப்போனால் பதினொன்றோ பன்னிரண்டோ ஆகிறது. இப்படித் தள்ளிப்போவதை யாரும் 'மறதி' என்று எண்ணுவதே இல்லை. "நான் ஒருநாளும் மறக்கல மிஸ்ஸி, புது பெட்டிதான் கொஞ்சம் லேட்டு" என்று சொல்பவளின் நிலை, நடுப் பொதியில் இரண்டை விட்டவளின் நிலையைவிட மோசம். கிளினிக் நாளன்று தோட்டத்தில் வேலை, அடுத்த கிளினிக் வர நாளாகும், பட்டணத்துக்குப் பஸ் காசு, ஒரு நாள் பேர் போய்க் கூலி குறையும் என்ற கணக்கு எல்லாம் சேர்ந்துதான் அந்த 'கொஞ்சம் லேட்டு'. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பெட்ரோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் இந்த இடைவெளியை நாடு முழுக்கப் பரப்பின. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் நடந்ததுபோல் மண் சரிந்து, உடுத்திய துணியோடு முகாமுக்கு ஓடும் குடும்பத்தில் குளிசைப் பொதியை யார் கையில் எடுப்பார்கள்?

இன்னொரு சிக்கல், விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கக்கூடியது. வெளியேறிய முட்டையின் ஆயுளோ ஒரு நாளுக்கு மேல் போகாது. 1995இல் வெளியான ஓர் ஆய்வில் அலன் வில்கொக்ஸும் தோழர்களும் அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்களில்தான் கரு உருவாகிறது என்று காட்டினார்கள். ஆறின் முதல் நாளில் வாய்ப்பு பத்தில் ஒன்று, முட்டை வெளியேறும் நாளில் மூன்றில் ஒன்று. குளிசையே போடாத பெண்களின் கணக்கு இது. நமக்கு இதில் வேண்டிய பாடம் வேறு. இரும்புக் குளிசை வாரத்தின் கடைசி நாட்களில் உறவு இருந்து, அடுத்த பொதி தாமதமானால், அந்தப் பழைய விந்தணுக்கள் தாமதமாக வரும் முட்டைக்காகக் காத்திருக்க முடியும். மறந்த பிறகு விலகி இருந்தோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

பொதியின் நடுவில் கதை வேறு. எட்டாம் குளிசைக்கும் பதினான்காம் குளிசைக்கும் இடையில், அதற்கு முந்திய ஏழும் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தால், சூலகம் ஆழ்ந்து அடங்கியிருக்கும். இரண்டு விட்டுப்போனாலும் குமிழ் வளர்ந்து வெடிக்குமளவுக்கு நேரம் கிடைப்பது அரிது. இந்த வாரத்து மறதிக்குத்தான் பெண்கள் அதிகம் பயப்படுகிறார்கள், மாதத்தின் நடுப்பகுதி ஆபத்தானது என்று கேட்டு வளர்ந்ததால். குளிசை போடாத பெண்ணுக்கு அது ஓரளவு சரி. குளிசை போடுபவளுக்குப் பொதியின் இரண்டு ஓரங்கள்தான் ஆபத்து.

மூன்றாம் வாரத்தில் விட்டால்? இருபதாவதும் இருபத்தொன்றாவதும் விட்டுப்போய், அதன்மேல் இரும்புக் குளிசை ஏழையும் போட்டால், இடைவெளி மறுபடியும் ஒன்பது. இதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழி எளிது. மீதமுள்ள மருந்துக் குளிசைகளை முடித்து, இரும்புக் குளிசை ஏழையும் தொடாமல், மறுநாளே புதிய பொதியைத் தொடங்க வேண்டும். அந்த மாதம் இரத்தப்போக்கு வராது. கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். தங்குவதற்கு அங்கே ஒன்றும் சேர்ந்திருக்காது. குளிசை போடும்போது கருப்பையின் உட்படலம் மெல்லியதாகவே இருக்கிறது.

இப்போது என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருந்துக் குளிசை ஒன்று மட்டும் விட்டுப்போனால், ஞாபகம் வந்த கணமே போட வேண்டும். அன்றையதை அதன் நேரத்தில் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு சேர்ந்தாலும் பயமில்லை, வேறு பாதுகாப்பும் தேவையில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால், அதாவது போட வேண்டிய நேரம் கடந்து 48 மணித்தியாலம் ஆகிவிட்டால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் உடனே போட்டுவிட்டுப் பொதியைத் தொடர வேண்டும். விட்டதையெல்லாம் சேர்த்து விழுங்கக் கூடாது, வாந்திதான் மிஞ்சும். தொடர்ந்து ஏழு குளிசை போட்டு முடியும்வரை ஆணுறை வேண்டும், அல்லது விலகி இருக்க வேண்டும். குளிசை போட்ட இரண்டு மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். கடும் வாந்தியோ வயிற்றோட்டமோ இரண்டு நாளைத் தாண்டினால், விழுங்கிய குளிசையையும் விட்டுப்போனதாகவே கணக்கிட வேண்டும்.

முதல் வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ விட்டு, உறவும் நடந்திருந்தால் அவசரக் குளிசை பற்றி யோசிக்க வேண்டும். இலங்கைப் பார்மசிகளில் 'போஸ்டினோர்' என்ற பெயரில் தெரிந்த லெவோநோர்ஜெஸ்ட்ரல்தான் அது. அளவு 1.5 மில்லிகிராம். 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. முட்டை வெளியேறுவதை அது தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே வெளியேறிவிட்டால் அதனால் பயனில்லை. கரு தங்கியிருந்தால் அதைக் கலைக்கவும் செய்யாது. இதைவிட உறுதியானது கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப். உறவு நடந்து ஐந்து நாட்களுக்குள் வைத்துவிட்டால் அன்றைய ஆபத்தும் நீங்கும், பல வருடங்களுக்கு மறதிப் பேச்சும் இருக்காது.

ஊவா மாகாணத்து வாழ்க்கையில் குளிசை தடம்புரளும் இடங்கள் இன்னும் சில உண்டு, வெளிநாட்டுக் கையேடுகளில் எளிதில் காணாதவை. ஒன்று கதிர்காமம். அது மொனராகலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆடிவேல் காலத்தில் தோட்டங்களிலிருந்து வான் பிடித்தும் நடந்தும் போகிறார்கள். வீட்டுக்கு விலக்காகிவிடக் கூடாது என்று பல பெண்கள் மாதவிடாயைத் தள்ளிப்போட நோரெதிஸ்தெரோன் குளிசையைக் கடையில் வாங்கிப் போடுகிறார்கள். அது அந்த வேலைக்கான மருந்து; கருத்தடையாக அதை நம்ப முடியாது. கூட்டுக் குளிசை போடும் பெண்ணுக்கு அந்த மருந்தே தேவையில்லை. இரும்புக் குளிசையை விட்டு நேரே அடுத்த பொதிக்குப் போனாலே இரத்தப்போக்கு தள்ளிப்போகும், பாதுகாப்பும் அறாது. ஆனால் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். விரத காலம்தானே என்று பொதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். விரதம் முடிந்த வீட்டில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று கொழும்பு. கணவன் அங்கே கடையிலோ கட்டட வேலையிலோ இருக்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சில நீண்ட வார இறுதிகளுக்கும் வருகிறான். அவன் இல்லாத மாதத்தில் எதற்கு வீணாகக் குளிசை என்று நிறுத்திவைத்து, வந்த அன்று இரவு ஒன்று போட்டுக்கொள்கிறாள். சிக்கனமாகத் தோன்றும் இந்தப் பழக்கம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. குளிசை அன்றைய உறவுக்குக் காவல் நிற்கும் பொருள் அல்ல. ஏழு நாள் தொடர்ந்து போன பிறகுதான் அதை நம்பலாம். கணவன் எப்போது வருவான் என்று சொல்ல முடியாத வீட்டுக்குக் குளிசையே பொருத்தமில்லை என்பது என் கருத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியோ, கையில் வைக்கும் இம்பிளான்டோ, லூப்போ அவளுக்கு ஏற்றது. ஆணுறை அவன் பையில் இருக்கலாம் என்ற யோசனையையும் யாராவது அவனிடம் சொல்ல வேண்டும்.

மருந்துகளையும் இங்கே சொல்ல வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசினும், வலிப்புக்குத் தரும் கார்பமசபின், பெனிடோயின் போன்றவையும் ஈரலைத் தூண்டி, குளிசையின் ஓமோன்களை வேகமாக அழித்துவிடும். ஒன்றுகூட மறக்காத பெண்ணும் கருத்தரிக்கலாம். காய்ச்சலுக்கும் தொண்டை நோவுக்கும் தரும் அமொக்சிசிலின் போன்றவை அப்படிச் செய்வதில்லை. காசநோய்க்காக மார்புக் கிளினிக்குக்குப் போகும் பெண் அங்கே தான் கருத்தடைக் குளிசை போடுவதைச் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

சரி, மொத்தத்தில் ஆபத்து எவ்வளவு? ஒழுங்காகப் போட்டால் வருடத்துக்கு நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கரு தங்கும். நடைமுறையில், மறதியும் தாமதமும் சேர்ந்து, அமெரிக்கக் கணக்கின்படி நூறில் ஏழு. இந்த ஏழு எல்லாருடைய ஏழும் அல்ல. நடுப் பொதியில் எப்போதாவது ஒன்றை விடுபவள் முதல் கணக்குக்கு அருகிலும், ஒவ்வொரு பொதியையும் தாமதமாகத் தொடங்குபவள் ஏழுக்கும் அப்பாலும் இருப்பார்கள். மறதியை நாமே சரியாக எண்ணுவதும் இல்லை. 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பொதி திறக்கப்பட்ட நேரத்தை மின்னணுக் கருவி பதிந்தது. பெண்கள் குறிப்பேட்டில் எழுதியதைவிடப் பல மடங்கு அதிகமாகக் குளிசைகள் விட்டுப்போயிருந்தன. நடந்தது தோட்டத்தில் அல்ல, அமெரிக்காவில். தோட்டத்துப் பெண் படிக்காததால் மறக்கிறாள் என்று பேசுகிறவர்களுக்கு இது போதும்.

அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தொடங்கியது. 1958இல் சுவீடனின் உதவியோடு அரசு நடத்திய முன்னோடித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்ட இரண்டு இடங்களில் ஒன்று பண்டாரகமக் கிராமம், மற்றது அக்கரப்பத்தனைக்கு அருகிலுள்ள டயகம தோட்டம். 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் குளிசையைப் பரீட்சித்தவர்களில் முன்நின்றவர் டாக்டர் சிவா சின்னத்தம்பி என்ற தமிழ்ப் பெண் மருத்துவர். ஆக, தோட்டத்துக்குக் கருத்தடை பிந்தி வரவில்லை. ஆனால் 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு ஊக்கத்தொகை கொடுத்த காலத்திலிருந்து, தோட்டப் பெண்ணுக்குச் சத்திரசிகிச்சைதான் சரி என்ற மனப்பாங்கு வேரூன்றிவிட்டது. அந்த முறையின் பங்கு தோட்டத்துறையில் நாட்டின் சராசரியைவிட மிக அதிகம். ஒருமுறை செய்துவிட்டால் நிர்வாகத்துக்கு வேலை முடிந்தது. குளிசைக்கோ அவளோடு அவளுடைய மொழியில் பேச வேண்டும், பொதியைக் கையில் வைத்து வரிசை வரிசையாகக் காட்ட வேண்டும். மொனராகலை போன்ற மாவட்டத்தில் தமிழ் பேசும் சுகாதார ஊழியர் ஒருவர் இருப்பதும் இல்லாததும் இப்படிப் பேசிக் காட்டும் பத்து நிமிடத்தில்தான் தெரியும்.

குளிசை தவறி, சந்தேகத்தோடு நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்குச் சில சொற்கள். பாதுகாப்பற்ற கடைசி உறவிலிருந்து மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ச் சோதனை செய்தால் முடிவை நம்பலாம். இரும்புக் குளிசை வாரத்தில் இரத்தம் பட்டதை வைத்துக் கரு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அந்தப் போக்கு மருந்து நின்றதால் வருவது. இரத்தம் வராததை வைத்துக் கரு தங்கிவிட்டது என்றும் கலங்க வேண்டாம். கரு தங்கியது தெரியாமல் சில நாள் குளிசை போட்டுவிட்டாலும் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தப் பயத்தாலேயே கருவைக் கலைக்க ஆள் தேடிப் போகிறார்கள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. மறைவில் நடப்பதில் உயிர் போகிறது. எது நடந்திருந்தாலும் இரத்தப்போக்கோ காய்ச்சலோ கண்டால் பதுளை, மொனராகலை வைத்தியசாலைகளுக்குத் தயங்காமல் போங்கள். சிகிச்சை தருவது அவர்கள் கடமை.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள், பார்வை மின்னி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், புகைபிடிக்கும் 35 வயதைத் தாண்டியவர்கள், பிரசவித்து ஆறு மாதம் ஆகாமல் பாலூட்டுபவர்கள் இந்தக் கூட்டுக் குளிசையைத் தாமாகத் தொடங்கக் கூடாது. மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது ஒரு பொதியோடு திருப்திப்படாமல், மேலதிகமாக இன்னொன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பொதி வீட்டில் இல்லாமல், கையிலிருக்கும் பொதியின் கடைசி வரிசையைத் தொடாதீர்கள்.